யன்னல் திறந்து வைக்கிறார் என்று எழுதினேன்

நான் கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது என் வேலையில் பிழை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பிழை உண்மையிலேயே இருந்தால் இன்னும் மோசம், அப்போது நான் மற்றவரை வாயைத் திறக்கவே விடமாட்டேன்.

ஜெர்மனியில் பத்து வருடம் ஹீட்டிங் பொருத்துகிற வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் பெட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஈஸ்ட் ஹாம் கடைகளில் எனக்கு "ஜெர்மன்காரன்" என்று பட்டம். "ஜெர்மன்காரன் வாறான், எல்லாரும் மணிக்கூட்டைச் சரி பண்ணுங்கோ" என்று பகிடி விடுவார்கள். வெளியே எரிச்சல் காட்டிக்கொள்வேன், உள்ளுக்குள் பெருமைதான். அளந்து செய்கிறவன், எழுதி வைக்கிறவன், சொன்ன நேரத்துக்கு வருகிறவன் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தும் வடிவு.

2009 ஜனவரியில் நான் வேலை செய்த சின்னக் கொம்பனிக்கு ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்தில் கவுன்சில், அதாவது நகரசபை, வாடகைக்கு விடுகிற ஒரு கட்டடம் கிடைத்தது. நாலு மாடி, இருபத்து நாலு வீடு. நிலத்துக்குக் கீழே எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய பாய்லர். அதுவரை அது மணிக்கூட்டுக்கு ஓடியது. காலை ஐந்துக்குப் பற்றும், ஒன்பதுக்கு அணையும், பின்னேரம் நாலுக்குப் பற்றும், பத்துக்கு அணையும். வெளியே பனி கொட்டினாலும் அதேதான், வெயில் எறித்தாலும் அதேதான். நாங்கள் அதற்கு மூளை வைக்கப் போனோம். நாங்கள் பாய்லரில் பொருத்திப் பூட்டிய பெட்டி டெலிபோன் லைன் வழியாக நாளைய காலநிலையை இன்றைக்கே எடுத்துக்கொள்ளும். ஒரு வீட்டுச் சுவரில் வைத்த சென்சரைப் பார்த்து, கட்டடம் எவ்வளவு நேரத்தில் சூடேறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று நாளுக்கு நாள் படித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் பற்றவேண்டும், எத்தனை மணிக்கு அணைக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும். தன் பானையை அறிந்தவர்கள் சோறு முழுதாக வேகும் முன்னமே அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைப்பார்கள் அல்லவா, மிச்சச் சூட்டில் வெந்துவிடும் என்று. அந்தக் கெட்டித்தனம்தான் இதுவும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குக் கண் ஒன்றுதான். சென்சர் இருக்கிற அறை எப்படியோ, முழுக் கட்டடமும் அப்படி என்று நம்பிவிடும். அதனால் அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: கட்டடத்திலேயே ஆகக் குளிரான வீட்டில் சென்சரை வை. அங்கே சூடு போதுமென்றால் மற்ற எல்லா வீட்டுக்கும் காணும். எங்கள் கட்டடத்தில் அது கீழ்த்தளத்து மூலை வீடு. இரண்டு பக்கமும் வெளிச்சுவர், யன்னல்கள் பின்பக்கம் வடக்குப் பார்த்தவை.

அந்த வீட்டு பெல்லை அடித்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் அடித்தேன். ஒரு நிமிடம் நின்றிருப்பேன், கூடிப்போனால் ஒன்றரை. அன்றைக்கு வேறு இரண்டு இடத்துக்குப் போகவேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. "வீட்டில் ஆள் இல்லை" என்று தாளில் எழுதிவிட்டுப் படியேறினேன்.

இரண்டாம் மாடியில் ஒரு கதவுக்கு மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது. அப்பாடா, எங்கட ஆட்கள் என்று பெல்லை அடித்தேன். அடித்த கையோடு கதவு திறந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு பெண், கையில் கரண்டியோடு.

"தமிழோ? முகத்தைப் பாக்கவே தெரியுது. உள்ள வாங்கோ தம்பி, குளிருக்க நிக்காதேங்கோ."

"ஹீட்டிங் வேலை அக்கா. சுவரில சின்னதா ஒரு பெட்டி பூட்டோணும். அரை மணித்தியாலம் காணும்."

"எங்க வேணுமெண்டாலும் பூட்டுங்கோ. முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணி என்று தொடங்கியது சோற்றில் போய் முடிந்தது. மீன்குழம்பு, முருங்கைக்காய்ப் பிரட்டல், பொரித்த மிளகாய். அந்த அக்காவுக்கும் அவர் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பத் தெரியாத வீடு. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அவர்களுடைய முன்னறைச் சுவரிலேயே சென்சரைப் பூட்டினேன். உயரம் சரி, சுவர் சரி, வெயில் படாது, பாய்லரின் சுடுதண்ணி ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் பக்கத்தில் இல்லை. வீடு மட்டும்தான் பிழை.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு பெப்ரவரி தொடக்கத்தில் லண்டனே நின்றுபோகிற அளவுக்குப் பனி கொட்டியது. அந்தக் கிழமைதான் அக்காவின் தம்பி போர் நடந்த வன்னியில் ஷெல் பட்டுச் செத்துப்போன செய்தி வந்தது. அந்த மாதங்களில் டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயப்படாத தமிழ் வீடு லண்டனில் இருந்திருக்காது. உடல் இல்லை. யார் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. ஆனாலும் செத்த வீடு செத்த வீடுதான். முன்னறைக் கதிரைகளைத் தூக்கிவிட்டு வெள்ளை விரித்தார்கள், படம் வைத்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் மட்டும் ஒவ்வொரு நாளும் சனம் வரும். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். கதவு பூட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு போய் இருக்கவேண்டியதுதான். சப்பாத்துகள் வாசலில் குவிந்து படிக்கட்டு வரைக்கும் போயிருந்தன.

அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான், போகாமல் இருக்க ஏலாது. வேலை முடிந்ததும் நேராகப் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சனம் நெருக்கியடித்து இருந்ததால் நான் பின்னுக்குப் போய் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து இருந்தேன். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஜக்கெட்டைக் கழற்றினேன், பிறகு சுவெட்டரையும் கழற்றினேன். ஷேர்ட்டோடு ரேடியேட்டரில் சாய்ந்தபோதுதான் முதுகில் சுரீர் என்றது. ரேடியேட்டர் ஐஸாக இருந்தது.

திரும்பிக் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தலைகளுக்கு மேலே நான் பூட்டிய சென்சர். அதற்குக் கீழே நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒரு உடம்பு சும்மா இருந்தாலே பழைய குண்டு பல்ப் ஒன்று எரிகிற அளவுக்குச் சூடு விடும். நாற்பது பல்ப், விளக்கு, குசினியில் ஓயாமல் கொதிக்கிற தேத்தண்ணிக் கேத்தல். பெட்டி இதைத்தான் நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தது. இந்தக் கட்டடம் தானாகவே சூடாகிறது, பின்னேரம் பாய்லர் தேவையில்லை, விடியவும் சுணங்கி, பிந்திப் பற்றலாம் என்று முடிவு கட்டியிருந்தது. வெளியே பனி. மற்ற இருபத்து மூன்று வீடும் விறைத்துக்கொண்டிருந்தது.

பாய்லர் அறைச் சாவி என் பொக்கெட்டில் இருந்தது. கீழே போய், பெட்டியைத் திறந்து, ஒரு சுவிட்சைத் தட்டினால் பழையபடி மணிக்கூட்டுக்கு ஓடும். பத்து நிமிட வேலை.

நான் எழும்பவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானம்தான் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டியிருந்தார். கேஸ் செலவுக் கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்திருந்தது. "இவ்வளவு குறையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை" என்றார் அந்த வெள்ளைக்காரர். "இப்படியே போனால் கவுன்சில் மற்றக் கட்டடங்களையும் எங்களுக்குத் தரும். அதையெல்லாம் பார்க்க எனக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு ஆறமுன்னம் அந்தக் கோடு பொய் என்று எப்படிப் போய்ச் சொல்வது? செத்த வீட்டில் போய் ட்ரில் வைத்துச் சுவரைத் துளைத்துச் சென்சரைக் கழற்றலாமா என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சுவிட்சுக்கு ட்ரில் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாதா? சீ.

அடுத்த கிழமை முறைப்பாடு வந்தது. கீழ்த்தளத்து மூலை வீட்டு முதியவர், தனி ஆள், நெஞ்சுச் சளி வருத்தக்காரர், வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது என்று கவுன்சிலுக்குப் போன் பண்ணியிருக்கிறார். போய்ப் பார்த்து எழுது என்றார் மேலதிகாரி. போனேன். கட்டடத்துக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் கொம்பனி வாகனமான வானை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே லப்டொப்பைத் திறந்தேன். சென்சர் இருபத்து நாலு பாகை காட்டியது. அது எப்படி வந்தது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தாளை ஸ்டியரிங்கில் வைத்து எழுதினேன்: "சிஸ்டம் சரியாக இயங்குகிறது. குடியிருப்பவர் யன்னல் திறந்து வைக்கிறார்."

எங்கள் தொழிலில் அது வழமையான வசனம். ஜெர்மனியிலும் எழுதுவோம். யாராவது குளிர் என்று கத்தினால், காரணம் பிடிபடாவிட்டால், யன்னல் திறந்து வைக்கிறார் என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. யாரும் திரும்பிக் கேட்கமாட்டார்கள். அவருடைய யன்னல்கள் பின்பக்கம். நான் இருந்த இடத்திலிருந்து அவற்றைப் பார்க்கவே முடியாது. வானை விட்டு இறங்கவும் இல்லை, பெல்லை அடிக்கவும் இல்லை.

வேலை நெருக்கத்தில் நாலு நாள் போகாமல் இருந்துவிட்டு அன்று பின்னேரம் செத்த வீட்டுக்குப் போனபோது, முன்னறையில் சரியாக அந்தச் சென்சருக்குக் கீழே ஒரு கறுப்பின முதியவர் இருந்தார். தரையில் இருக்க ஏலாதவர் என்று அவருக்கு மட்டும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பெரிய ஓவர்கோட், மடியில் தொப்பி. மற்ற எல்லோரையும் போல வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். காலில் இரண்டு சோடி சொக்ஸ், ஒன்றுக்கு மேல் ஒன்று. இடைக்கிடை வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"ஆர் அண்ணை அவர்?" என்று அக்காவின் கணவரிடம் மெல்லக் கேட்டேன்.

"கீழ் வீட்டு ஐயா. மூலை வீடு. மூண்டு நாளா வாறார்." அண்ணை என் காதுக்குக் கிட்டச் சரிந்தார். "எங்களுக்கு முந்தி ஒரு பழக்கமும் இல்லைத் தம்பி. எங்கட சொந்தக்காரரே வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போயிட்டினம். இந்த மனிசனைப் பாருங்கோ, நாலு மணிக்கு வந்தா கடைசி ஆள் போகுமட்டும் இருக்குது. ஒண்டும் கேக்கிறேல்ல, தேத்தண்ணி குடுத்தா குடிக்கும். என்ர மனிசி சொல்லுறா, அவள்ட தம்பியே அனுப்பி வைச்ச ஆள் எண்டு."

அவர் ஏன் வருகிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். தன் வீட்டில் இல்லாத சூட்டைத் தேடி வந்து, அந்தச் சூட்டோடு தன் உடம்புச் சூட்டையும் அந்தச் சென்சருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இருக்க இருக்க அவர் வீடு இன்னும் குளிரும். எனக்குக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவரைக் கண்டேன். தேவாரம் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். அக்கா அழுதால் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பார். கரீபியன் தீவு ஒன்றிலிருந்து இளவயதில் வந்து, ஓய்வு பெறும் மட்டும் சுரங்க ரயில் ஓட்டியவர், மனைவி காலமாகிவிட்டார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானாகப் போய் அவரோடு பேசவில்லை. அவருக்கு எதிர்ப்பக்கச் சுவரில்தான் போய் இருப்பேன்.

மூன்றாம் கிழமை ஒரு நாள் அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட ஏலாமல் அம்புலன்ஸில் கொண்டு போனார்கள் என்றார் அக்கா. செத்த வீட்டுத் துடக்கோடு வெளியே போகக்கூடாது என்பதையும் பாராமல் அக்கா ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டு போயிருந்தார்.

நான் யாருக்கும் சொல்லாமல் கீழே இறங்கினேன். பாய்லர் அறையைத் திறந்தேன். பெட்டியைத் திறந்து சுவிட்சில் விரலை வைத்தேன். இது சத்தியம், விரலை வைத்தேன். அப்போது மண்டைக்குள் அந்தக் கோடு வந்து நின்றது. இன்றைக்கு மாற்றினால் நாளைக்குக் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறும். என்ன நடந்தது என்று கேட்பார்கள். சென்சர் ஏன் இரண்டாம் மாடியில் இருக்கிறது என்பார்கள். பிறகு யன்னல் ரிப்போர்ட்டை எடுப்பார்கள். நாள் போகப்போக ஒரு பொய்க்கு மேல் ஒரு பொய் ஏறி, கீழே இருந்ததை உருவினால் எல்லாம் சரியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். விரலை எடுத்துவிட்டு, அறைக்கு வேண்டிய வெப்பத்தை இருபதிலிருந்து இருபத்தொன்றுக்குக் கூட்டி வைத்தேன். ஏதோ செய்தேன் என்று இருக்கட்டும் என்று. அந்த அறையே இருபத்து நாலில் இருக்கும்போது இருபத்தொன்று என்றால் என்ன, இருபது என்றால் என்ன? பாய்லர் பற்றாது. அது எனக்குத் தெரிந்துதான் செய்தேன். மனச்சாட்சிக்குக் கள்ளக் கணக்குக் காட்டுகிற வேலை.

நாலு நாளில் அவர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். வந்த அன்றே படியேறி வந்து அதே கதிரையில் இருந்தார். இரண்டு மாடி ஏற அவர் எத்தனை இடத்தில் நின்றாரோ தெரியாது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து பந்தி வைத்தார்கள். அக்கா முதல் இலையை அவருக்குப் போடச் சொன்னார். "சொந்தமெண்டு நான் இவரைத்தான் சொல்லுவன்" என்று சபையில் அழுதார். பரிமாறியவர்களில் நானும் ஒருவன். அவருடைய இலைக்கு நான்தான் சோறு போட்டேன். கையை நீட்டித் தடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"நீதானே ஹீட்டிங் எஞ்சினியர்? இந்த வீட்டு அம்மா சொன்னார்." ஆங்கிலத்தில்தான் கேட்டார், ஆற அமர, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி. "சாப்பிட்ட பிறகு கீழே வருகிறாயா? ஒரு கடிதம் காட்டவேண்டும்."

போனேன். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். உள்ளே போனதும் ஜக்கெட்டைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடினேன். கட்டிலில் இருந்த போர்வையைக் கொண்டுவந்து கதிரையில் விரித்திருந்தார். வானொலிக்குப் பக்கத்தில், கடற்கரைக் கடைகளில் விற்கிற மாதிரி ஒரு சின்ன வெப்பமானி. பதின்மூன்றில் நின்றது. அவர் கொடுத்த கடிதம் கவுன்சிலின் வீட்டுப் பொறுப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. நீங்கள் யன்னல்களைத் திறந்து வைப்பது பரிசோதனையில் தெரியவந்துள்ளது, தயவுசெய்து மூடி வைக்கவும், உங்கள் முறைப்பாடு இத்துடன் முடிக்கப்படுகிறது. நான் எழுதிய வசனம் டைப் அடித்து, கவுன்சில் முத்திரையோடு என் கைக்கே வந்திருந்தது.

"எனக்கு யாரோடும் சண்டை இல்லை" என்றார். "ஒரே ஒரு உதவி. நீ அந்த யன்னலைத் திறந்து பார்."

யன்னலுக்குக் கிட்டப் போனேன், மேலே தூக்கித் திறக்கிற பழைய மாதிரி. கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். சட்டத்தையும் நிலையையும் சேர்த்துத் தடிப்பாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நாலு பக்கமும் ஒரே பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லை. மற்ற அறை யன்னலும் அப்படியேதான். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, உண்மையிலேயே அதைத் திறந்துவிட்டால் என் பொய் கொஞ்சமாவது உண்மையாகும் என்பது போல நான் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

"பதினொரு வருடம்" என்றார் பின்னாலிருந்து. "கவுன்சில் பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அது திறந்ததே இல்லை. வெக்கை காலத்தில் நான் பூங்காவில் போய் இருப்பேன்."

"அவர்களிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன். வந்து பார்த்தவர் எழுதியிருக்கிறார் என்றார்கள். ஒருவரும் வரவில்லையே என்றேன்." கொஞ்ச நேரம் இருமிவிட்டுக் கேட்டார். "ஜனவரியில் ஒரு நாள் யாரோ பெல் அடித்தார்கள். என் காலுக்குக் கதவுக்கு வந்து சேர நேரம் எடுக்கும். நான் வருவதற்குள் போய்விட்டார்கள். அது நீயா?"

"இல்லை" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய். பிறகு பேச்சை மாற்றவேண்டுமென்று, மேல் வீட்டுக்கு அவர் எப்படி வரத் தொடங்கினார் என்று கேட்டேன்.

"சண்டை பிடிக்கத்தான் போனேன்" என்றார். "படியில் ஓயாத காலடிச் சத்தம். நான் இங்கே விறைக்கிறேன், மேலே கொண்டாட்டம் நடக்கிறது என்று கோபம். கதவைத் தள்ளினேன், சூடு முகத்தில் அடித்தது. பிறகு அந்த அம்மாவையும் படத்தையும் கண்டேன். அங்கே எப்படிச் சண்டை பிடிப்பது? இருந்துவிட்டேன். உனக்குப் பொய் சொல்லமாட்டேன், அடுத்த நாள் சூட்டுக்காகத்தான் போனேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்காகப் போனேன்."

உனக்குப் பொய் சொல்லமாட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கடிதத்தை மடித்துக்கொண்டு நின்றேன்.

என் கொம்பனித் தாளில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். "இவ்வீட்டின் யன்னல்கள் பெயிண்டினால் ஒட்டிப்போயுள்ளன. திறக்க முடியாது. உடனே பழுது பார்க்கவும்." அவ்வளவுதான். சென்சர் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. முந்தைய ரிப்போர்ட் யார் எழுதியது, எங்கே இருந்து எழுதியது என்று எழுதவில்லை. கீழே என் வடிவான கையெழுத்தைப் போட்டேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கை மீன்கடை மேசை மாதிரிக் குளிர்ந்திருந்தது.

அந்தியேட்டியோடு சனம் வருவது நின்றது. அக்காவின் முன்னறை குளிர்ந்தது. பெட்டி ஐந்தாறு நாளில் அதைப் படித்துக்கொண்டு, விடிய வெள்ளன பாய்லரைப் பற்ற வைக்கத் தொடங்கியது. கட்டடம் முழுக்கச் சூடு வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் தானாகச் சரியானது. சிஸ்டம் படிக்கிற காலத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று மேலதிகாரி கவுன்சிலுக்கு விளங்கப்படுத்தினார். பரிசோதனை வெற்றி என்று முடிவாயிற்று. ஏப்ரலில் என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். கோடை வந்ததும் பராமரிப்பு என்று சாட்டுச் சொல்லிச் சென்சரைக் கழற்றிக் கீழ்த்தளத்து மூலை வீட்டில் பூட்டினேன். அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அந்த முதியவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. சொல்லிக் கேட்க ஆள் இல்லாமல் போன பிறகுதான் எனக்கு வாய் வருகிறது. அக்காவிடம் இன்றைக்கும் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணுவார். அந்தியேட்டி வரைக்கும் எங்களை விடாமல் வந்தவை நீங்கள் ரெண்டு பேரும்தான் தம்பி என்பார். ஓம் அக்கா என்பேன்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த ஏப்ரல் நாள். என் கடிதத்தைப் பார்த்துக் கவுன்சில் இரண்டு வேலையாட்களை அனுப்பியிருந்தது. அவர்கள் பெயிண்டை வெட்டி, சட்டத்தைச் சீவி, யன்னல்களைப் புதிசு போல ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வந்து பார் என்று முதியவரே எனக்குப் போன் பண்ணினார். போனபோது அக்காவும் அங்கே நின்றார், ஒரு தட்டு நிறைய வடையோடு.

அவர் என்னை யன்னலுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு விரலை மட்டும் கீழே வைத்துத் தூக்கினார். அது அலுங்காமல் குலுங்காமல் மேலே போனது. இறக்கினார், ஏற்றினார், திரும்ப இறக்கினார், ஏற்றினார். வெளியே யாரோ புல்லு வெட்டுகிற மணம் வந்தது.

"பதினொரு வருடத்தில் வந்து பார்த்த ஒரே ஆள் நீதான்" என்று என் தோளில் தட்டினார். பிறகு யன்னலை முழுதாகத் திறந்து விட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "யன்னல் திறந்திருக்கிறது என்று எழுதினானே ஒருத்தன், அவன் இப்போது வந்து பார்க்கட்டும்!"

சொல்லிவிட்டு இருமல் வருமட்டும் சிரித்தார். அக்காவும் சிரித்தார். தம்பி செத்த பிறகு அந்த மனுஷி சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.